தோல்வியை ஒளிக்கச் சொல்லாதீர்



யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. அது வளர்த்த ஒரு வழக்கம் மட்டும் அகலவில்லை. தேர்வு முடிவு வந்ததும் ஆசிரியர்களைக் கூட்டி, பாடவாரியாக விழுக்காட்டைத் திரையில் காட்டி, "ஏன் சரிந்தது?" என வினவும் கூட்டத்தைச் சொல்கிறேன். அதற்கு நம்மவர் வழங்கும் பெயரே 'போஸ்ட்மார்ட்டம்'. பிணத்துக்குச் செய்வது!

2016-இல் அத்தகைய கூட்டமொன்றில் தலைகுனிந்து நின்றேன். உயர்நிலைச் சிந்தனை வினாக்களோடு புதிய வடிவில் நடந்த தேர்வு அது. நாடு முழுதும் 4,896 பேர் மட்டுமே எல்லாப் பாடங்களிலும் 'ஏ' பெற்றனர். நாடே சறுக்கிய ஆண்டில் என் கணிதப் பாடம் தனியே குற்றக்கூண்டில் ஏறியது.

"மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள் டீச்சர்" என்றனர். எதைக் கொண்டு தேற்றுவது? கழிவறையில் அழுது, முகம் கழுவி, ஐந்தாம் ஆண்டு வகுப்புக்குச் சென்றேன். என்னைத் தேற்றியவர் ஒரே ஒருவர். சிற்றுண்டிச்சாலையில் அருகமர்ந்து, முன்னோட்டத் தேர்வுத் தாள்களைப் புரட்டி, "பின்னத்தில்தானே பிள்ளைகள் தடுமாறினர்? எனக்கும் அப்படித்தான்" என்றார் மூத்த ஆசிரியை.

பெற்றோரையும் கேட்கிறேன். விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலைக்குப் போகிறீர்கள். அங்கே மேலாளரிடம் வாங்கிய ஏச்சை வீட்டில் எவரிடமும் சொல்வதில்லை. இரவில் அது பிள்ளையின் தேர்ச்சி அறிக்கைமேல் இறங்குகிறது. இது நியாயமா?

அடுத்த கூட்டத்தில் எண்களைத் திரையிடுமுன் அந்த ஆசிரியரை முதலில் பேச விடுங்கள். தலைமையாசிரியரும் தாம் சறுக்கிய கதையொன்றைச் சொல்லட்டும்.