குளத்தில் விடாதீர்கள், குழம்பில் போடுங்கள்

நெகிரி செம்பிலானில் லிங்கி ஆற்றை ஒட்டிய தோட்டங்களில் தூண்டில் போடுகிறவர்கள் சேர்ந்து, அக்கம்பக்கத்து மக்களுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறார்கள். வீட்டுத் தொட்டியில் வளர்த்த ‘லோப்ஸ்டர் ஆயர் தாவார்’ என்கிற நன்னீர் கிரேஃபிஷ் அலுத்துப்போனால், அதைத் தோட்டத்துக் குளத்திலோ செம்பனைக் காட்டு வாய்க்காலிலோ கொண்டுபோய் விட வேண்டாம்.

ஆற்றின் சொந்தப் பிள்ளை ஊடாங் காலா என்கிற பெரிய நன்னீர் இறால். அதன் பிழைப்பு லேசுப்பட்டதல்ல. பெரிய பெண் இறால் ஒரே ஈட்டில் 80,000 முட்டைகூடச் சுமக்கும். வயிற்றடியில் ஆரஞ்சு நிறத்தில் அப்பியிருக்கும் முட்டைகள், ஏறக்குறைய மூன்று வாரத்தில் பொரிக்கப்போகும்போது சாம்பல் நிறமாகும். தாய் அதற்குள் முகத்துவாரப் பக்கம் இறங்கியாக வேண்டும். பொரித்த குஞ்சுகள் மல்லாந்து, வாலை முன்னே விட்டு நீந்தும். உப்புக் கலந்த தண்ணீர் கிடைக்காவிட்டால் சில நாளில் செத்துப்போகும். இந்த உண்மை வெளிப்பட்டதே நம் பினாங்கில்தான். 1960களின் தொடக்கத்தில் குளுகோர் ஆய்வு நிலையத்தில் எஸ்.டபிள்யூ. லிங், குஞ்சுகள் ஏன் பிழைக்கவில்லை என்று மண்டையைக் குடைந்து, உப்புதான் விடை என்று கண்டுபிடித்தார். பதினொரு பருவம் தாண்டிய பிறகே குஞ்சுக்கு இறால் உருவம் வரும். பிறகு ஆற்றை எதிர்த்து மேலேறும்.

தீபகற்ப மலேசியாவுக்குச் சொந்தமான கிரேஃபிஷ் இனம் எதுவும் கிடையாது. கடையில் ‘லோப்ஸ்டர் ஆயர் தாவார்’ என்று விற்பது வட ஆஸ்திரேலியாவையும் பாப்புவா நியூகினியின் தென்பகுதியையும் சேர்ந்தது; ஆணின் கொடுக்கில் சிவப்புத் திட்டு இருக்கும். அதன் முட்டைகள் சில நூறுதான், மிஞ்சிப்போனால் ஆயிரம். ஊடாங் காலாவோடு ஒப்பிட்டால் அற்பம். ஆனால் குஞ்சு முட்டைக்குள்ளேயே முழு உருவம் பெற்று, குட்டிக் கொடுக்கோடு வெளியே வந்து, சில நாள் தாயின் வாலடியைப் பற்றிக்கொண்டு கிடக்கும். கடலும் வேண்டாம், உப்பும் வேண்டாம். ஓராண்டுக்குள் பருவமடைந்து, வருஷத்துக்குப் பல ஈடு ஈனும்.

முட்டை சுமந்த ஒரே ஒரு பெண் போதும், ஒரு குளம் அதன் வசமாக. மழைநாளில் ஈரத்தரையில் நடந்து அடுத்த வாய்க்காலுக்கும் போய்விடும்.

சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் அது காட்டினமாக வாழ்வது 2007இல் பதிவானது. ஜோகூரிலும் பிடிபட்டிருக்கிறது. இப்படியே தொட்டியிலிருந்து ஆற்றுக்குப் போன இக்கான் பண்டாராயா என்கிற மீன் இன்று வலையைக் கிழிக்கும் கதையைத் தோட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே, வளர்க்க முடியாதவர்கள் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கட்டும் என்கிறார்கள் இந்தத் தூண்டில்காரர்கள். கடைக்காரர் வாங்க மறுத்தால் ஐஸில் வைத்து, பிறகு சட்டியில் போடலாம். சதை ருசியாகவே இருக்கும். ஆற்றில் பிடிபட்டால் உயிரோடு வேறு குளத்துக்குத் தூக்கிப்போகாமல், படம் எடுத்து மாநில மீன்வளத் துறைக்குக் காட்ட வேண்டும். இன்னொன்று, கொஞ்சம் கஷ்டமானது: முட்டையோடு தூண்டிலில் மாட்டும் ஊடாங் காலாவை, குழம்பில் எவ்வளவு ருசியென்று தெரிந்தும், திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும்.