கணக்கினால் எழுதும் சித்திரம்

எண் வரிசை ஒன்றை விதியாகக் கொண்டு, எவ்வுருவத்தையும் குறியாத கோட்டுச் சித்திரங்களை வரையும் முறை மேனாடுகளில் பல ஆண்டுகளாக வழங்கி வருகிறது. விதிப்படி வருவது கணக்கேயன்றிக் கலையாகாது என்று அன்பர் சிலர் கூறுவர். நாம் அக்கூற்றை ஏற்பதற்கில்லை. தறியோடு வாழ்பவருக்கு இது வெறும் வாதப் பொருளுமன்று.

கட்டத்தாளில் ஒரு புள்ளியிலிருந்து மேல்நோக்கி ஒரு கட்ட அளவு கோடு இழுத்து வலப்புறம் திரும்புக. இரண்டு கட்டம் இழுத்து மீண்டும் வலப்புறம் திரும்புக. மூன்று கட்டம் இழுத்து அவ்வாறே திரும்புக. பின்னும் ஒன்று, இரண்டு, மூன்று என்றே தொடர்ந்தால், நான்காம் சுற்றின் முடிவில் கோடு புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரும். காற்றாடி போன்றதோர் உருவம் தாளில் நிற்கும். வரிசையை நான்கு வரை நீட்டிப் பாருங்கள். கோடு ஒருபோதும் மூடாது. சுற்றுக்கு இரண்டு கட்டம் இடமும் இரண்டு கட்டம் கீழுமாக நழுவிச் சென்றுகொண்டேயிருக்கும். ஐந்து வரை நீட்டினாலோ மறுபடியும் நான்கு சுற்றில் மூடிவிடும். (இதை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் தாள் மிஞ்சாது.)

இழைக்கு இன்னும் நெருங்கிய வரிசை ஒன்றுண்டு: 1, 1, 2, 3, 5, 8, 13, 21 என, ஒவ்வோர் எண்ணும் முன்னிரண்டின் கூட்டாக வளர்வது. ஒவ்வொன்றையும் மூன்றால் வகுத்து மீதியை மட்டும் எழுதினால் 1, 1, 2, 0, 2, 2, 1, 0 என வரும். அதன்பின் இவ்வெட்டுமே மீண்டும் மீண்டும் வரும். மீதி 0 வெள்ளை, 1 நீலம், 2 சிவப்பு எனக் கொண்டால், எட்டு இழைக்கொருமுறை திரும்பும் கரை ஆயத்தம்.

அமெரிக்காவில் கணித ஆசிரியையாக இருந்த ஏடா டீட்ஸ் அம்மையார் இயற்கணிதக் கோவைகளை விரித்து, ஒவ்வோர் எழுத்தையும் ஓர் இழைத் தொகுதியாகக் கொண்டு, எழுத்துகள் வரும் வரிசையிலேயே பாவிழை கோத்தார். லூயிவில் நகரத்துக் கைத்தறிக் கூடமொன்று அம்முறையை 1949இல் நூலாக வெளியிட்டது.

பாரிசில் வாழ்ந்து 2023இல் மறைந்த ஓவியர் வேரா மோல்னார், 1959 முதல் தாமே விதி வகுத்துக்கொண்டு கையால் வரைந்தார்; 1968இல் கணினியை நாடினார். 1974இல் அவர் செய்த சித்திரங்களில், ஒன்றனுள் ஒன்றாக அடங்கிய சதுரங்கள் சிறிதே கோணலாக நிற்கின்றன. எவ்வளவு கோணல் விடுவது என்பதைத் தீர்மானித்தது அவர் கண்ணே. விதி எத்தனையோ உருவங்களைத் தரும், பல சலிப்பூட்டுவன. வேண்டியதைப் பொறுக்கி, வேண்டாததைத் தள்ளுவதில்தான் கலை இருக்கிறது. புள்ளி எண்ணிக் கோலமிடும் நம் பெண்டிரை யாரும் கணக்கர் என்று சொல்வதில்லையே!

மாதிரி வரைவது பயின்ற சிலருக்கே உரியது என்னும் எண்ணம், நெசவாளரைப் பிறர் வரைந்ததைக் கூலிக்கு நெய்பவராகவே நிறுத்திவிடுகிறது. இழை எண்ணத் தெரிந்த எவருக்கும் மேற்சொன்ன விதிகள் எட்டும். ஆதலின் சங்கங்கள் மாதம் ஒரு மாலையேனும் உறுப்பினர்களுக்குக் கட்டத்தாளும் பென்சிலும் கொடுத்து உட்காரவைக்க வேண்டும். அங்கே பிறக்கும் மாதிரி நெய்யத் தகுந்ததாயின், நெய்கூலிக்கு மேல் மாதிரிக்கெனத் தனித்தொகை வரைந்தவருக்கு வழங்கப்பெற வேண்டும்.