ஓவியனுக்கு எந்த ஊர் கதவைத் திறக்கும்?

சென்ற வாரம் எங்கள் மாலைப் பாடசாலைக்கு ஒரு தம்பி வந்தார். பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் காலனியைச் சேர்ந்தவர். பிளஸ் டூ முடித்திருக்கிறார். இரண்டு பழைய காலண்டர் அட்டைகளுக்கு நடுவே தான் வரைந்த படங்களை வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டுக் கறுத்துப்போன அம்மாவின் விரல்களைத்தான் தாள் தாளாக வரைந்திருந்தார். பார்த்த எங்களுக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

“அண்ணா, படம் வரையறதுதான் வேலைன்னு முடிவு பண்ணிட்டேன். பாண்டியா, கும்பகோணமா, சென்னையா, எங்க போறதுன்னுதான் தெரியல” என்றார் தம்பி.

கூட வந்திருந்த அம்மா கேட்டது வேறு: “எந்த ஊருக்குப் போனா இவன எந்தத் தெருன்னு கேக்க மாட்டாங்க தம்பி?”

தம்பியின் கேள்விக்குப் பதில் சொல்லப் பல பேர் இருக்கிறார்கள். எந்த ஊரில் நல்ல கல்லூரி, எங்கே ஓவியக் காட்சிகள் நடக்கின்றன, எங்கே படம் விலைபோகும் என்று சொல்லிவிடலாம். அம்மாவின் கேள்விக்குத்தான் பதில் இல்லை. ஒரு தலித் பிள்ளை கலைஞனாக வாழ ஊர் தேடும்போது முதலில் எழ வேண்டிய கேள்வி அதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். எந்த ஊரில் மேடை கிடைக்கும் என்பது பிறகு. எந்த ஊரில் பெயரை மறைக்காமல் ஓர் அறை கிடைக்கும் என்பதே முதல் கேள்வி.

அண்ணல் அம்பேத்கருக்கே இந்தக் கேள்வி வந்தது. 1913-ல் அவர் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனது பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில். படித்துத் திரும்பியவர், ஒப்பந்தப்படி பரோடா அரசில் வேலை பார்க்க 1917-ல் அந்த ஊருக்குப் போனார். தங்க இடமில்லை. பார்சிகளுக்கான விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்க வேண்டியிருந்தது. சில நாள்களில் அடையாளம் தெரிந்து, தடிகளோடு ஆட்கள் வந்து வெளியேற்றினார்கள். தெரிந்த நண்பர்களும் வீட்டில் சேர்க்கவில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலைப் பிடித்து பம்பாய் திரும்பினார். தன் அனுபவக் குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார். கொலம்பியா வரை படிக்க வைத்த ஊர், பாய் விரிக்க இடம் கொடுக்கவில்லை. உதவித்தொகை வேறு, அறை வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

அப்படியானால் நகரத்துக்கே போக வேண்டாமா? போக வேண்டும் என்றுதான் எங்கள் வரலாறு சொல்கிறது. கிராமத்தைப் போற்றிப் பேசியவர்களுக்கு நடுவே, 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் எழுந்து அதன் கொடுமையைச் சொன்னவர் அதே அம்பேத்கர்தான். இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியது சென்னையில். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தியது ராயப்பேட்டையில். ஊரில் பேச்சே மறுக்கப்பட்டவர்களுக்கு அச்சகம் கிடைத்த இடம் நகரம்.

பறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் அது சாவுக்கு அடித்தே ஆக வேண்டிய ஊழியமாக இருந்தது. ‘வரமாட்டேன்’ என்று சொன்ன எத்தனையோ பெரியவர்கள் அடிபட்டிருக்கிறார்கள். அதே பறையை நகரத்து மேடையில் ஒரு பெண் தோளில் மாட்டிக்கொண்டு அடிக்கும்போது அது கலை என்ற பெயரைப் பெறுகிறது. அடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை கலைஞருக்கு வந்த பிறகுதான் கலை தொடங்குகிறது. அந்த உரிமையைத் தேடித்தான் நம் பிள்ளைகள் பஸ் ஏறுகிறார்கள்.

ஊரிலேயே இருந்து சாதித்தவர்கள் இல்லையா என்று சிலர் கேட்பார்கள். உண்டு. 1994-ல் ‘கோவேறு கழுதைகள்’ நாவலைத் தந்த இமையம் நம் விருத்தாசலத்தில் இருந்தபடியே எழுதி, 2020-ம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருதையும் பெற்றார். 1992-ல் ‘கருக்கு’ எழுதிய பாமா, உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். இருவருக்கும் பொதுவான ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். இருவரும் ஆசிரியர்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. அந்தச் சம்பளம் அவர்களை ஊரில் நிற்க வைத்தது. எழுத்துக்குத் தாளும் பேனாவும் போதும். ஓவியத்துக்கு வண்ணம், கித்தான், இடம், பார்க்க வருகிற கண்கள் எல்லாம் வேண்டும். சம்பளம் இல்லாத பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் ‘இமையம் மாதிரி ஊரிலேயே இரு’ என்று சொல்வது நியாயமில்லை.

சரி, தம்பியின் மூன்று ஊர்களைப் பார்ப்போம்.

பாண்டி நமக்குப் பக்கம். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் போகிற வழியிலேயே அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. வீட்டில் சாப்பிட்டு வீட்டில் தூங்கலாம். அறைக் கவலை இல்லை. ஆனால் அது வேறு ஆட்சிப் பகுதி. இடஒதுக்கீடும் உதவித்தொகையும் நம் பிள்ளைகளுக்கு எப்படிப் பொருந்தும் என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு மாலையும் காலனிக்குத் திரும்பி வருகிற பிள்ளையிடம், அங்கே உள்ள அத்தனை வேலையும் கூட வந்து நிற்கும். வரைய உட்காரும்போது முந்திரி மூட்டை தூக்கக் கூப்பிடுவார்கள்.

கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி உண்டு. ரயில் நேராகப் போகிறது. வாழ்க்கைச் செலவு சென்னையை நோக்கக் குறைவு. சுவாமிமலையில் மெழுகில் உரு செய்து வெண்கலம் வார்ப்பதைத் தினமும் பார்க்கலாம். கைக்கும் கண்ணுக்கும் அதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆனால் அங்கே கைவேலை தலைமுறை தலைமுறையாகக் குடும்ப வழியில் வருகிறது. கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊரில் தெருவுக்குத் தெரு ஒரு பழைய கணக்கு இருக்கும். படித்து முடித்த பிறகு அங்கே வாழ வழி குறைவு. படிக்க நல்ல ஊர். பிழைக்க மறுபடி ஊர் தேட வேண்டும்.

சென்னைக் கவின் கலைக் கல்லூரி 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கியது. ராய் சௌத்ரி, பணிக்கர் போன்றவர்கள் முதல்வராக இருந்த இடம். நடந்து போகிற தூரத்தில் எழும்பூர் அருங்காட்சியகமும் கன்னிமாரா நூலகமும். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் கலைஞர்கள் வேலை செய்யப் பணிக்கூடங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, நம் ஆட்கள் அங்கே கூடியிருக்கிறார்கள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதல் நிகழ்ச்சி நடத்தியபோது, அயோத்திதாசரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற சொல்தான் அதன் பெயரில் நின்றது. வடசென்னைக் கானாவும் நம் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. தன்னைப் போன்றவர்களைப் பார்க்கிற ஊர், வளர்கிற பிள்ளைக்குப் பெரிய பலம்.

அதே சென்னையின் இன்னொரு முகமும் எங்களுக்குத் தெரியும். 2003-ல் நாங்கள் நான்கு பேர் அங்கே போனோம். ஒருவர் பாட்டு, ஒருவர் சினிமா, எங்களைப் போல் தமிழ் படித்த ஒருவர் கவிதை, நான்காமவர் ஓவியம். ‘பேச்சிலர்களுக்கு வீடு இல்லை’ என்ற பலகையைக் கடந்தால் அடுத்த கேள்வி சாப்பாட்டைப் பற்றி. ‘எல்லாம் சாப்பிடுவோம்’ என்றால் பாதிக் கதவு மூடிவிடும். அதையும் கடந்தால், ‘சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம் வீடு?’ என்பார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லலாம்; தெருப் பெயரைச் சொல்ல முடியாது. ஓர் அறைக்காக எங்களில் ஒருவர் தாத்தாவின் பெயருக்குப் பின்னால் ஒரு சாதிப் பெயரைச் சேர்த்துச் சொன்னார். அன்று இரவு நாங்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை; அவரும் எங்களைப் பார்க்கவில்லை.

இது எங்கள் நால்வரின் கதை மட்டும் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. டெல்லியிலும் அதைச் சுற்றிய நகரங்களிலும் வாடகைக்கு வீடு தேடுவோராகத் தொலைபேசியிலும் நேரிலும் அணுகி, சுக்தேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2015-ல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ இதழில் வந்தது. தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் கதவு எப்படி மூடுகிறது என்பதை அது காட்டியது. பரோடாவுக்கும் அந்த ஆய்வுக்கும் நடுவே கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள்.

எங்கள் ஓவிய நண்பர் அட்வான்ஸ் கட்ட முடியாமல், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதி, எழுதிய கடைகளிலேயே இரவு படுத்தார். கொஞ்ச காலத்தில் ஃப்ளெக்ஸ் வந்தது. பலகை எழுதும் வேலையும் போயிற்று. ஊர் திரும்பிவிட்டார். இப்போது லாரிகளுக்கு நம்பர் எழுதுகிறார். திறமையில் எங்களில் முதல் ஆள் அவர்தான். அவரை நகரம் நிராகரித்தது என்று நாங்கள் பல வருடம் சொல்லிவந்தோம். உண்மையில் அவருக்கு வேண்டியிருந்தது இரண்டு வருட அறை வாடகை. அதை நாங்களும் கொடுக்கவில்லை, யாரும் கொடுக்கவில்லை.

கூரைதான் முதல் பிரச்சினை என்பதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் சோழமண்டலத்துக் கலைஞர்கள். படம் விற்றுப் பிழைக்க முடியாது என்று தெரிந்ததும், கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் பாத்திக் போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து நிலம் வாங்கி, 1966-ல் கடற்கரையோரம் ஒரு கிராமத்தையே அமைத்துக்கொண்டார்கள். அவர்கள் நமக்குச் சாதியால் உறவில்லை. ஆனால் அவர்கள் செய்த கணக்கு நமக்குப் பாடம். தனித்தனியே வீட்டுக்காரர் வாசலில் நிற்கவில்லை. சேர்ந்து தங்கள் வாசலை உண்டாக்கினார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

படிக்கிற காலத்துக்கு அரசு விடுதிகள் உள்ளன. சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதியில் தங்கிப் படித்து மேலே வந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். படிப்பு முடிந்த அன்று விடுதிக் கதவும் மூடிவிடுகிறது. ஒரு கலைஞன் உடைந்துபோவது அதற்கடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில்தான். அந்த ஆண்டுகளுக்கென்று சென்னையில் ஒரு கலைஞர் விடுதியை ஆதிதிராவிடர் நலத் துறையும் கலை பண்பாட்டுத் துறையும் சேர்ந்து நடத்த வேண்டும். பொங்கல் நேரத்தில் ‘சென்னை சங்கமம்’ விழாவுக்கு மாவட்டங்களிலிருந்து கலைஞர்களை அழைத்து, மேடை கொடுத்து, திருப்பி அனுப்புகிறார்கள். மேடை நல்லது. நான்கு நாள் மேடை கொடுக்கிற நகரம், நான்கு பருவமும் தங்க ஓர் இடமும் கொடுக்கட்டும்.

அரசைக் கேட்டுவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. இந்த மாவட்டத்தில் நம் சமூகத்தைச் சேர்ந்த ஆசிரியர்கள், அலுவலர்கள், நெய்வேலித் தொழிலாளர்கள் எத்தனையோ பேர் மாதச் சம்பளம் வாங்குகிறோம். இருபது பேர் மாதம் 500 ரூபாய் போட்டால் 10,000 ரூபாய். இரண்டு பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் அறைக்கு அது பெரிய தாங்கல். 24 மாதம் தொடர்ந்து கொடுத்தால் 2,40,000 ரூபாய். ஏப்ரல் 14 அன்று தெருவுக்குத் தெரு நாம் கட்டுகிற ஃப்ளெக்ஸ் பேனர்களின் செலவை யாராவது கூட்டிப் பார்த்திருக்கிறோமா? கம்ப்யூட்டரில் எடுத்த அண்ணலின் படத்தையே திரும்பத் திரும்ப அச்சடிக்கிறோம். அண்ணலைக் கையால் வரையத் தெரிந்த பிள்ளை அந்தப் பேனருக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறான்.

இந்த ஆண்டு ஒரு சுவரையாவது அவனிடம் கொடுப்போம். கூலியும் கொடுப்போம்.

எங்கள் பாடசாலை நண்பர்கள் அன்று இரவே பேசி முடித்தோம். தம்பி சென்னைக்கும் கும்பகோணத்துக்கும் விண்ணப்பிக்கிறார். இரண்டிலும் இடம் கிடைத்தால் சென்னை. கும்பகோணம் மட்டும் கிடைத்தால் அங்கே படித்துவிட்டுச் சென்னை. படிப்பு முடிந்த பிறகு இரண்டு வருட வாடகை எங்கள் பொறுப்பு. இப்போதைக்குப் பதினொரு பேர் சேர்ந்திருக்கிறோம். இன்னும் ஒன்பது பேர் வேண்டும்.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னோம். “எந்தத் தெருன்னு கேக்காத ஊர் இன்னும் இல்லம்மா. கேட்டா பொய் சொல்லாம பதில் சொல்லிட்டு, அடுத்த வீட்டத் தேடுற அளவுக்குக் கையில காசு இருக்கும்படி நாங்க பாத்துக்கறோம்” என்றோம்.

அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: “அப்ப என் பேர்லயும் ஐநூறு எழுதிக்கிங்க தம்பி.”

வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பட்டியலில் பன்னிரண்டாவது பெயர் அவருடையது.