பச்சைக் கம்பிக்கு ஒரு குடை



மந்தைவெளித் தெருக்களில் நடந்து போகும்போது, பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பும் மனைகளைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் இரும்புக் கம்பிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அவை பழுப்பேறிய கம்பிகளாகவே இருக்கும். சில இடங்களில் மட்டும் பச்சை நிறத்தில் பளபளக்கும். அந்தப் பச்சை, அழகுக்காகப் பூசிய வர்ணம் அன்று. அது எபாக்சி என்னும் செயற்கைப் பிசின். கம்பியைத் துருவிலிருந்து காப்பதே அதன் வேலை.

ஆனால் காவலுக்கு வந்த அந்தப் பிசினை யார் காப்பது? இதுவே நான் இன்று உங்கள் முன் வைக்கும் கேள்வி.

முதலில், காவல் ஏன் தேவை என்று பார்ப்போம். மந்தைவெளியிலிருந்து பட்டினப்பாக்கம் கடற்கரை நடந்தே போகும் தூரம். கடற்காற்று நமக்கு இதமாக இருக்கிறது. ஆனால் அது உப்பையும் சுமந்து வருகிறது. சாதாரணமாகக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எளிதில் துருப்பிடிக்காது. கான்கிரீட்டின் காரத்தன்மையால் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகிவிடும். உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் நுண்துளைகள் வழியே மெல்ல உள்ளே புகுந்து, அந்தப் படலத்தை உடைத்துவிடுகின்றன. பிறகு துரு ஏறுகிறது. துருவுக்கு இரும்பைப் போல் பல மடங்கு இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் அது கான்கிரீட்டைப் பிளந்து இடம் தேடிக்கொள்ளும். பழைய வீடுகளின் பால்கனிக் கூரையில் காரை பெயர்ந்து, கம்பி பல்லிளிப்பது இதனால்தான்.

இதைத் தடுக்கும் வழிகளுள் ஒன்றே எபாக்சிப் பூச்சு. தொழிற்சாலையில் கம்பியைச் சுமார் 230 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, எபாக்சிப் பொடியை அதன் மேல் தூவுகிறார்கள். பொடி உருகி, கம்பியோடு ஒட்டி இறுகுகிறது. இந்தியத் தர விதி (ஐ.எஸ். 13620, 1993) இதற்கென்றே உள்ளது. பூச்சின் தடிமன் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர்தான். அமெரிக்காவில் பிலடெல்பியாவுக்கு அருகே ஒரு பாலத்தில் 1973ஆம் ஆண்டு இத்தகைய கம்பி முதன்முதலாகப் பயன்பட்டது.

இனி வெயிலுக்கு வருவோம். சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களும் உண்டு. ஓசோன் படலத்தைத் தாண்டித் தரைக்கு வரும் கதிர்களின் அலைநீளம் ஏறக்குறைய 295 நானோமீட்டரில் தொடங்குகிறது. 300 நானோமீட்டர் கதிரின் ஆற்றலைக் கணக்கிட்டால், ஒரு மோலுக்குச் சுமார் 400 கிலோ ஜூல் வரும். இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலுள்ள பிணைப்பை உடைக்கச் சுமார் 350 கிலோ ஜூல் போதும். கணக்கைப் பாருங்கள், கத்தி, கயிற்றைவிட வலியது! எபாக்சி மூலக்கூறில் உள்ள பென்சீன் வளையங்கள் இக்கதிர்களை விரும்பி உறிஞ்சுகின்றன. பிணைப்புகள் அறுகின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த இடங்களில் புகுந்துகொள்கிறது. பிசின் நிறம் மங்கி, சுண்ணாம்புபோல் பொடிந்து, சுருங்கி, நுண்ணிய வெடிப்புகள் விடுகிறது.

சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கிறது. இத்தகைய வெயிலில் பச்சைக் கம்பி மாதக்கணக்கில் கிடந்தால் என்ன ஆகும்?

இதை ஆராய்ந்தவர்கள் மந்தைவெளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த தீபக் காம்டேயும் ராதாகிருஷ்ண பிள்ளையும் 2020ஆம் ஆண்டு இது பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். வெயில் பட்ட பூச்சு வெடிக்கிறது, குளோரைடு கம்பியை விரைவில் எட்டிவிடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். வெயிலில் கிடக்கும் காலம் ஒரு மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. அமெரிக்கத் தர விதியோ நெடுங்காலம் இரண்டு மாதத் தவணை கொடுத்து வந்தது. நம் வெயிலுக்கு நம் கணக்குத்தானே பொருந்தும்?

“கான்கிரீட் போட்டபின் உள்ளே வெயில் ஏது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உள்ளே போனபின் வெயில் இல்லை. ஆனால் வெளியே விழுந்த வெடிப்பு உள்ளேயும் கூடவே போகிறது. அந்த வெடிப்பின் வழியே ஈரமும் உப்பும் நுழைந்தால், பூச்சுக்கு அடியிலேயே துரு பரவும். மேலே பச்சையாக இருக்கும், உள்ளே அரித்துக்கொண்டிருக்கும்.

புற ஊதாக் கதிரைத் தடுக்க வேதியியலார் பல வழிகள் கண்டிருக்கிறார்கள். கதிரை உறிஞ்சிக்கொள்ளும் பொருள்களைப் பிசினில் கலக்கலாம். எபாக்சியின் மேல் வெயில் தாங்கும் வேறு பூச்சைப் பூசலாம். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் எஃகுக்குப் பாலிசிலாக்சேன் பூச்சு தந்திருக்கிறார்கள். அதன் முதுகெலும்பு சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு. அதை உடைக்கச் சுமார் 450 கிலோ ஜூல் வேண்டும். இங்கே கயிறு, கத்தியைவிட வலியது.

ஆனால் பாலம் என்றும் வெயிலில் நிற்பது. கான்கிரீட்டுக்குள் போகும் கம்பி, சில வாரங்கள் மட்டுமே வெளியில் இருப்பது. அதற்கு விலை உயர்ந்த ரசாயனம் எதற்கு? ஒளி புகாத ஒரு தார்ப்பாய் போதும் என்பதே என் கருத்து. கம்பிக் கட்டில் வந்திறங்கிய தேதியை எழுதித் தொங்கவிட வேண்டும். முதலில் வந்ததை முதலில் எடுக்க வேண்டும். பின்னால் மாடி எடுக்கலாம் என்று மொட்டை மாடியில் நீட்டிவிட்டிருக்கும் கம்பிகளையும் மூடி வைக்க வேண்டும். இவற்றை அறிவுரையாக விடாமல், கட்டட ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

இவ்வளவு எளிய காரியம் ஏன் நடப்பதில்லை? மழை வந்தால் சிமென்ட் மூட்டையை ஓடிப்போய் மூடுகிறோம். நனைந்த சிமென்ட் மறுநாளே கல்லாகி, நம் தவற்றைக் காட்டிவிடும். வெயிலில் கெட்ட பூச்சோ பல ஆண்டுகள் கழித்துத்தான் காட்டும். அப்போது கட்டியவர் அங்கே இருக்கமாட்டார். விரிசல் விட்ட கூரையின் கீழ் வேறொரு குடும்பம் இருக்கும். உடனே தண்டனை தராத தவறு, தவறே அன்று என்று நினைப்பதுதான் நம் குறை.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். கடையில் இரண்டு குழாய்களாக விற்கும் எபாக்சிப் பசையைப் பெரியவர் துணையோடு, கையுறை அணிந்து கலந்து, மூன்று அட்டைகளில் தடவி உலரவிடுங்கள். ஒன்றை வெயில் படும் மொட்டை மாடியில் வையுங்கள். இரண்டாவதை அலுமினியத் தாளால் மூடி அதன் அருகிலேயே வையுங்கள். மூன்றாவதை வெயில் விழும் கண்ணாடி ஜன்னலுக்கு உட்புறம் வையுங்கள். கோடை விடுமுறை முடிந்ததும் மூன்றையும் ஒப்பிடுங்கள். கண்ணாடி எதைத் தடுத்தது, எதைத் தடுக்கவில்லை என்று ஆசிரியரிடம் விவாதியுங்கள்.

அதன்பின் தெருவில் பச்சைக் கம்பி வெயிலில் கிடப்பதைக் கண்டால், சும்மா கடந்து போகாதீர்கள். மேஸ்திரியிடம் பணிவாகக் கேளுங்கள்: “அண்ணே, இதை மூடி வைக்கக் கூடாதா?” அவர் சிரிக்கலாம். ஏன் என்று கேட்கவும் கேட்கலாம். கேட்டால், பதில் சொல்ல உங்களுக்கு இப்போது தெரியும் அல்லவா?