6 என்று குறித்துவிட்டு இறங்கி வந்தோம்

பொதுச் சுகாதாரப் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். படிக்கும் மாணவருக்கு ஆய்வேட்டுத் தலைப்பு அமையவில்லை என்றால், ஆசிரியர்களாகிய நாங்கள் மலையைக் காட்டுவோம். கொல்லிமலை, ஜவ்வாது, ஏலகிரி, கல்வராயன், நீலகிரி. எந்த மலையில் இன்னும் யாரும் பல் எண்ணவில்லையோ அதை எடுத்துக்கொள்ளச் சொல்வோம். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் ஏறக்குறைய 8 லட்சம் பேர். அவர்கள் வாயைப் பற்றி எழுதியதில் நாங்கள் குறை வைக்கவில்லை. அந்த வாய்க்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால்தான் பதில் இல்லை.

வேலை நடக்கும் விதம் இதுதான். பள்ளிக்கூட வாசலிலோ ரேஷன் கடைத் திண்ணையிலோ வெளிச்சம் பார்த்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுவோம். ஒருவர் மவுத் மிரரும் ப்ரோபும் வைத்துப் பார்த்து எண்களைச் சொல்லச் சொல்ல, இன்னொருவர் உலக சுகாதார நிறுவனத்தின் 1997ஆம் ஆண்டுப் படிவத்தில் நிரப்புவார். ஒவ்வொரு பல்லுக்கும் என்ன சிகிச்சை தேவை என்று குறிக்க அதிலேயே தனிக்கட்டம் உண்டு. 1 என்றால் ஒரு பக்கம் அடைக்க வேண்டும். 5 என்றால் வேர் வரை போக வேண்டும். 6 என்றால் பல்லை எடுக்க வேண்டியதுதான். கன்னம் வீங்கி வந்த பாட்டியைப் பார்த்து 6 என்று சொல்லி, 6 என்று எழுதி, கையில் ஒரு பேஸ்ட்டைக் கொடுத்து அடுத்தவரைக் கூப்பிடுவோம். சாயங்காலம் வேன் இறங்கிவிடும். பாட்டியின் 6 எங்கள் அட்டவணையில் ஒரு தசமப் புள்ளிக்குள் போய்ச் சேரும். பல் பாட்டியிடமே இருக்கும்.

கல்லூரிக்கு வந்தால் இலவசம் என்று சீட்டும் எழுதித் தருவோம். ஒரு ரூட் கேனலுக்கு இரண்டு மூன்று முறை வர வேண்டும். ஒவ்வொரு முறையும் பஸ் காசு, ஒரு நாள் கூலி, கூட வருகிறவரின் கூலி. வராதவர்களைப் பற்றி, ‘வாய் நலம் குறித்த விழிப்புணர்வு இல்லை’ என்று முடிவுரையில் எழுதினோம். ஒரு ஆய்வேட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும் வாக்கியம் அது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்திருந்தால் அதை எழுதக் கை கூசியிருக்கும். கரியிலும் விரலிலும் பல் துலக்குகிறார்கள் என்று குறை சொன்னோமே தவிர, பிஸ்கட் பாக்கெட் அந்த ஊர்ப் பெட்டிக்கடைக்கு எங்களுக்கு முன்பே வந்துவிட்டதை யோசிக்கவில்லை.

இதைவிட உறுத்துவது ஒன்று. இந்தியாவில் அரிவாள் செல் ரத்தக் கோளாறு முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1952இல் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். இந்த நோய் உள்ளவருக்கு எந்தத் தொற்றும் உடம்பையே முறுக்கிப் போடும் வலியைக் கிளப்பிவிடலாம். சீழ் பிடித்த கடைவாய்ப்பல்லும் அப்படித்தான். நோயின் வலி தாடையில் வந்து பல்வலிபோல ஏமாற்றுவதும் உண்டு. எங்கள் படிவத்தில் அந்த நோயைக் கேட்கக் கட்டமே கிடையாது. நாங்களாக ஒரு கட்டம் போட்டுக்கொள்ள யார் தடுத்தார்கள்?

மலையில் கரண்ட் நிற்காது, கம்ப்ரசர் ஓடாது என்பது எங்கள் வழக்கமான சாக்கு. 1980களின் நடுவில் தான்சானியாவில், மின்சாரமே இல்லாமல் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி கிளாஸ் அயனோமர் வைத்து அடைக்கும் முறையை உருவாக்கினார்கள். 1994இல் உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைத்தது. சொத்தை மேலும் பரவாமல் நிறுத்தும் சில்வர் டையமைன் ஃப்ளூரைடு 2021இல் அந்த நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது. தடவிய இடம் கறுத்துப்போகும், அவ்வளவுதான். இரண்டையும் நாங்கள் பாடமாக நடத்துகிறோம், வைவாவில் கேட்கிறோம்.

அலாஸ்காவின் பூர்வகுடி அமைப்புகள் பல் மருத்துவருக்காகக் காத்துச் சலித்து, 2003இல் தங்கள் இளைஞர்களையே நியூசிலாந்துக்கு அனுப்பி, பல் அடைக்கவும் எடுக்கவும் பயிற்சி பெற வைத்தன. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2006இல் வழக்குப் போட்டது, வழக்கு நிற்கவில்லை. இங்கே கூடலூரிலும் சிட்லிங்கியிலும் பழங்குடிப் பெண்கள் செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்சி பெற்று மருத்துவமனைகளையே தாங்கி நிற்கிறார்கள். அவர்களிடம் எங்கள் கருவியைக் கொடுப்போமா என்றால், எங்களில் பெரும்பாலோர் மனம் அந்தச் சங்கத்தின் பக்கம்தான் சாயும். ‘போலி டாக்டர் பெருகிவிடுவார்கள்’ என்போம். நாங்கள் போகாத ஊருக்குக் காவல் மட்டும் போடுகிறோம்.

ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்களில் உட்கார்ந்திருப்பதும் நாங்கள்தான். கைநாட்டு வாங்கினீர்களா என்று தவறாமல் கேட்கிறோம். 5 என்றும் 6 என்றும் குறித்த பற்களுக்கு அந்த மலையிலேயே சிகிச்சை முடித்த பிறகே ஆய்வேட்டில் கையெழுத்து என்று ஒரு நிபந்தனை சேர்க்க அரசாணை வேண்டியதில்லை. துறைக் கூட்டம் போதும். ‘அப்படிச் செய்தால் மூன்று வருஷத்தில் ஒருத்தரும் எம்.டி.எஸ். முடிக்க முடியாது சார்’ என்று யாராவது எழுந்து சொல்வார்கள். அப்படியானால் எத்தனை பேரைப் பரிசோதிக்கிறோமோ அந்த எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வோம்.