டைப்-சி இருக்கா என்று மட்டும் கேட்டால் போதாது!

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைக்கு லேப்டாப் வாங்கப் போகிறவர்களும், கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் தம்பிகளும் பொறுமையாகப் படிக்கவும்.

பிஸ்கட் பாக்கெட்டில் எடை, விலை, தயாரித்த மாதம் எல்லாம் அச்சடிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஃபிரிட்ஜில் எத்தனை ஸ்டார் என்று ஒட்டியிருக்கிறது. 60,000 ரூபாய் கொடுத்து வாங்கும் லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கும் துளை என்ன கொள்ளும் என்பது மட்டும் பெரும்பாலும் பெட்டியில் தெளிவாக இருப்பதில்லை. 'டைப்-சி உண்டு' என்று ஒரு வரி. இது நியாயமில்லை என்பதே என் கருத்து.

கணக்காகவே பார்ப்போம். வாத்தியார் புத்தி விடாது! 4கே திரையில் அகலத்துக்கு 3840 புள்ளி, உயரத்துக்கு 2160 புள்ளி. பெருக்கினால் 82,94,400. ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்ல 24 பிட். நொடிக்கு 60 படம். எல்லாவற்றையும் பெருக்கினால் நொடிக்குச் சுமார் 1,194 கோடி பிட், அதாவது ஏறத்தாழ 12 ஜிகாபிட். நிறத்தை நுணுக்கமாகத் திருத்த 10-பிட் வண்ணம் வேண்டுமென்றால் இதுவே 15 ஆகிவிடும்.

"யூடியூபில் 4கே சாதாரண வைஃபையிலேயே வருதே சார்?" என்று கேட்பீர்கள். அது சுருக்கி அனுப்பப்படுவது. வத்தல் டப்பாவில் இருக்கும்போது ஒரு கைப்பிடிதான், பொரித்தால் தாம்பாளம் நிறைந்துவிடும். லேப்டாப்பிலிருந்து மானிட்டருக்குப் போவது பொரித்த வத்தல்.

இப்போது பாதைக்கு வருவோம். பழைய எச்டிஎம்ஐ 1.4-ல் படத்துக்கு உண்மையில் கிடைப்பது சுமார் 8 ஜிகாபிட். அதில் 4கே நொடிக்கு 30 படம்தான் போகும். 2013-ல் வந்த 2.0-வில் பெயருக்கு 18, படத்துக்கு 14.4. அதில் 60 படம் போகும், ஆனால் முழு 10-பிட் வண்ணம் போகாது. 2017-ல் வந்த 2.1-ல் 48 வரை உண்டு. மூன்றும் பார்ப்பதற்கு ஒரே துளைதான்!

டைப்-சி இன்னும் குழப்பம். அதற்குள் படம் போக நான்கு தடங்கள். நம் தஞ்சாவூர் ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை அணுகுசாலை வேண்டும் என்று எத்தனை வருஷமாகக் கேட்கிறோம்? அது இல்லாததால் பால்காரர், பள்ளிக்கூட ஆட்டோ எல்லாம் நெடுஞ்சாலையிலேயே ஏறுகிறார்கள். அதே கதைதான் இங்கும். நடுவில் ஒரு ஹப் மாட்டி வேகமான பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க் போட வழி செய்தால், பல ஹப்கள் இரண்டு தடத்தை அதற்கு எடுத்துக்கொள்ளும். படத்துக்கு மீதி இரண்டு. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வகையில் நான்கு தடத்துக்கு 17.28, இரண்டுக்கு 8.64. தேவை 12. எப்படிப் போகும்? 30 படமாகக் குறைந்துவிடும். இன்னும் சில லேப்டாப்பில் டைப்-சி துளையில் படமே வராது, சார்ஜும் டேட்டாவும் மட்டும்தான்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் இந்தப் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து வீடியோ எடுக்கிறான். கடனில் லேப்டாப், அப்புறம் 4கே மானிட்டர். நொடிக்கு 50 படமாக எடுத்த வீடியோ திரையில் தட்டித் தட்டி ஓடியது. ராத்திரி முழுக்க மறுபடி ரெண்டர் போட்டும் அதேதான். ஒரு கடையில் "லேப்டாப்பை மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு கடனுக்குத் தயாராகிவிட்டான். கடைசியில் ஹப்பைக் கழற்றி, டைப்-சியிலிருந்து மானிட்டருக்கு நேராக ஒரு கேபிள் போட்டதும் 60 வந்தது. ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்த விஷயம். தெரியாததற்கு அவன் கொடுக்கவிருந்த விலை இரண்டு வருஷத் தவணை.

ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்களுக்கும் டைப்-சி சார்ஜிங் கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். நல்லதுதான், சார்ஜர் குப்பை குறையும். ஆனால் வடிவம் ஒன்றானால் திறனும் ஒன்றாகிவிடாது. யுஎஸ்பி அமைப்பே 2022-ல், வேகத்தை '40 ஜிபிபிஎஸ்' என்று நேராகப் போடும் முத்திரைகளுக்கு மாறியது. ஆக, எழுத முடியாத விஷயமில்லை. நம் ஊரில் ஒவ்வொரு துளைக்கும் கேபிளுக்கும் அதைக் கட்டாயமாக்கினால் என்ன? 2011 முதல் நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுத்த மாநிலம் இது. அரசு கொடுக்கும் லேப்டாப்போடு தமிழில் ஒரு பக்கத் தாள் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

அதுவரை கடையில் இதைக் கேளுங்கள்:

1. இந்த டைப்-சியில் மானிட்டருக்குப் படம் வருமா?

2. 4கே என்றால் 30-ஆ, 60-ஆ? போட்டுக் காட்டுங்கள்.

3. ஹப் வாங்கினால் அதில் '4கே 60' என்று எழுதியிருக்கிறதா?

4. கேபிளின் வேகம் எவ்வளவு? போனோடு வரும் சார்ஜிங் கேபிள் பலவற்றில் 0.48 ஜிகாபிட்தான் டேட்டா போகும். படத்துக்கு அது உதவாது.

இன்னொன்று. 4கே வீடியோ எடிட் செய்ய 4கே மானிட்டர் கட்டாயமில்லை. எடிட்டிங் வேகம் பிராசஸர், கிராபிக்ஸ், ராம், டிஸ்க் ஆகியவற்றைப் பொறுத்தது. சிறிய பிராக்ஸி ஃபைல் வைத்துச் சாதாரண திரையிலேயே வேலையை முடிக்கலாம். கையில் காசு வந்த பிறகு மானிட்டர் வாங்கலாம்.

கேள்வி கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார் என்று கூச்சப்படாதீர்கள். காசு நம்முடையது. உங்கள் அனுபவத்தைக் கமெண்டில் எழுதுங்கள். தேவைப்படுபவர்களுக்குப் பகிருங்கள்.