"18 வயசு ஆச்சா?" பொத்தானைத் தட்டினா கதவு திறக்குது!
ஆபாசப் படத் தளங்களின் வாசலில் காவல் போடுவது யார்?

ஜவ்வாது மலையில் காவலூர் என்று ஓர் ஊர். அங்கே 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி வைத்த ராட்சத தொலைநோக்கி இருக்கிறது. 1986-ம் ஆண்டு முதல் வானத்தை அலசிக்கொண்டு இருக்கிறது. அந்த இடத்துக்குள் போக நேரம் உண்டு, முறை உண்டு. கண்டவன் கண்ட நேரத்தில் நுழைய முடியாது.

அதே மலையில் குடிசை வீட்டுக்குள்ளும் ஒரு கண்ணாடி இருக்கிறது. அகலம் சில அங்குலம்தான். அதன் பெயர் செல்போன். அந்தக் கண்ணாடி வழியே உலகத்து ஆபாசப் படம் அத்தனையும் பார்க்கலாம். நேரமும் கிடையாது, முறையும் கிடையாது.

வாசலில் ஒரே ஒரு கேள்வி. "உனக்கு 18 வயசு ஆச்சா?" பக்கத்தில் "ஆமா" என்று ஒரு பொத்தான், "இல்லை" என்று ஒரு பொத்தான். 11 வயசுப் பையன் எதைத் தட்டுவான் என்று சொல்ல ஜோசியர் தேவை இல்லை. பல தளங்களில் அந்தக் கேள்வி கூட கிடையாது.

பேர் சொல்லாமல், ஊர் சொல்லாமல் வருகிற ஆளுக்கு, கேட்காமலே எல்லாப் படத்தையும் விரித்துக் காட்டுவதா? தெரியாத ஆள் வந்தால் திரை மூடியே இருக்க வேண்டாமா? இதுதான் இன்றைய கேள்வி.

பெட்டிக்கடைக்காரருக்கு இருந்த புத்தி

அந்தக் காலத்தில் பெட்டிக்கடையில் மஞ்சள் புத்தகம் விற்றார்கள். விற்றது தப்புதான். ஆனால் அதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. புத்தகம் முன்னால் தொங்காது. உள்ளே மறைவாக இருக்கும். பின் அடித்து வைத்திருப்பார்கள். அரை டிராயர் போட்ட பையன் வந்து கேட்டால், "போடா, உங்க அப்பன்கிட்ட சொல்லட்டுமா?" என்று விரட்டி விடுவார் கடைக்காரர்.

சினிமா கொட்டகையிலும் அப்படித்தான். 1952-ம் ஆண்டு சினிமா சட்டப்படி "ஏ" சான்று வாங்கிய படத்துக்கு 18 வயது நிரம்பாதவரை விடக்கூடாது. டிக்கெட் கிழிப்பவர் முகத்தைப் பார்த்து மடக்குவார்.

சட்டமும் சும்மா இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 293-வது பிரிவு, 20 வயசுக்கு உட்பட்டவருக்கு ஆபாசப் பொருள் விற்றால் ஜெயில் என்றது. 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 295-வது பிரிவு, குழந்தைகளுக்கு விற்றால் தண்டனை என்கிறது. பெட்டிக்கடைக்காரருக்கு உள்ள இந்தப் பயம், கோடி கோடியாய் சம்பாதிக்கும் வெளிநாட்டுத் தளத்துக்கு ஏன் இல்லை?

காரணம் பணம். இலவசத் தளத்துக்கு வரும்படி விளம்பரத்தில்தான். எத்தனை பேர் வந்தார்கள் என்பதுதான் கணக்கு. வந்தவன் தாத்தாவா பேரனா என்று விசாரித்தால் கூட்டம் குறையும். அதனால்தான் வாசல் அகலத் திறந்து கிடக்கிறது.

மலையில் நிலைமை வேற

ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலைக்கிராமங்களில் சாமை விதைக்கிறார்கள், பலா பறிக்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள். அந்த வருமானம் போதாமல் பலர் கேரளா, கர்நாடகா தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் பாட்டி கையிலும் விடுதியிலும் வளர்கின்றன.

2016-ல் இன்டர்நெட் விலை சரிந்தது. 2020-ல் கொரோனா வந்தது, பள்ளிக்கூடம் மூடியது, பாடம் செல்போனுக்கு வந்தது. சிக்னல் தேடி பாறை மேல் ஏறிப் படித்த பிள்ளைகள் உண்டு. பாடத்துக்காக வாங்கிய போன் பாடம் முடிந்த பிறகும் வீட்டில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு ஒரு போன். அதைத்தான் அப்பா, அம்மா, பாட்டி, பையன், பொண்ணு எல்லாரும் தொடுகிறார்கள். பட்டணத்துப் படித்த பெற்றோர், குழந்தைக்கு என்று தனிக் கணக்கு திறந்து, பூட்டு போட்டுக் கொடுக்கலாம். மலைவீட்டுப் பாட்டிக்கு அந்தப் பூட்டு இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் அது இங்கிலீஷில் இருக்கும்.

"பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று கையைக் கழுவுவது சுலபம். பாட்டியால் முடியாத வேலையைத் தளத்துக்காரன்தான் செய்ய வேண்டும். பூட்டைப் போடும் வேலை வீட்டுக்கு, திறந்து வைக்கும் உரிமை கம்பெனிக்கு என்பது எந்த ஊர் நியாயம்?

தடை போட்டாங்க, என்ன ஆச்சு?

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 2015 ஜூலை 31-ந்தேதி 857 தளங்களை மூடச் சொல்லி உத்தரவு போட்டது. நாடே ரெண்டுபட்டது. சில நாளிலேயே, குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசம் இல்லாத தளங்களைத் திறந்து விடலாம் என்று இறங்கி வந்தது.

அதே மாதம் 8-ந்தேதிதான் சுப்ரீம் கோர்ட்டில் தலைமை நீதிபதி தத்து, வயது வந்த ஒருவர் தன் அறையின் நான்கு சுவருக்குள் பார்ப்பதை எப்படித் தடுப்பது என்று கேட்டு, இடைக்காலத் தடை போட மறுத்திருந்தார்.

2018 செப்டம்பரில் உத்தரகாண்ட் ஐகோர்ட்டு மறுபடி சாட்டையைச் சுழற்றியது. டேராடூன் பள்ளி ஒன்றில் நடந்த கற்பழிப்பு வழக்கு அதற்குக் காரணம். பட்டியலை எடுத்துப் பார்த்தார்கள். 857-ல் 30 தளங்களில் ஆபாசமே இல்லை! மீதி 827-ஐ மூடச் சொன்னார்கள். மூடினார்கள். பெரிய தளம் ஒன்று பெயரின் வாலை மட்டும் மாற்றிக்கொண்டு அடுத்த வாசலில் கடை விரித்தது.

முழுக்க மூடினால் வேறு வழியில் வருகிறது. முழுக்கத் திறந்து விட்டால் குழந்தை விழுகிறது. நடுவில் இருக்கிற வழிதான் திரை.

திரை என்றால் என்ன?

விஷயம் சின்னது. பதிவு செய்யாமல், பெயர் சொல்லாமல் வருகிறவருக்கு ஆபாசப் படம் தெரியாது. மங்கலாகத் தெரியும், அல்லது வரவே வராது. தேடினாலும் கிடைக்காது. திரையை விலக்க வேண்டும் என்றால் வயது வந்தவர் தானாக முன்வந்து விலக்க வேண்டும்.

இது ஆகாத காரியம் இல்லை. கூகுள் 2023-ம் ஆண்டு தேடலில் ஆபாசப் படங்களைக் கேட்காமலே மங்கலாக்கும் ஏற்பாட்டை அறிவித்தது. எக்ஸ் தளம் 2024-ல் ஆபாசப் படத்துக்கு அனுமதி கொடுத்தபோதே, பிறந்த தேதி போடாதவருக்கு அதைக் காட்டமாட்டோம் என்று விதி எழுதியது.

பிரிட்டனில் செல்போன் கம்பெனிகள் 2004-ம் ஆண்டே கூடிப் பேசி, சிம் கார்டோடு வடிகட்டி சேர்த்துத் தருவது என்று முடிவு செய்தன. வேண்டாம் என்கிறவர் வயதைக் காட்டி எடுத்துவிடலாம்.

"பையன் பொய்யான தேதி போட்டு நுழைஞ்சிடுவானே?" என்று கேட்பார்கள். நுழைவான். சுவர் ஏறிக் குதிப்பவனைத் திரை தடுக்காது. ஆனால் எல்லாப் பிள்ளையும் சுவர் ஏறுவது இல்லை. பாட்டுப் படம் தேடப்போய், ஏதோ விளம்பரம் தட்டுப்பட்டு, தெரியாமல் போய் விழும் பிள்ளைதான் அதிகம் கவலைப்பட வேண்டிய பிள்ளை. கிணற்றைச் சுற்றிச் சுவர் கட்டுவது நீச்சல்காரனுக்காக இல்லை.

ஆதார் கேட்டால் ஆபத்து!

அப்படியானால் வாசலிலேயே ஆதார் கார்டை வாங்கிப் பார்த்து விடலாமே என்று அதிகாரிகளுக்கு யோசனை தோன்றலாம். கூடவே கூடாது!

பிரிட்டனில் 2025 ஜூலை 25-ந்தேதி முதல் ஆபாசத் தளங்கள் வயதை உறுதியாகச் சோதிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. உடனே இருக்கும் ஊரை மறைத்துக் காட்டும் வி.பி.என். செயலிகள் சக்கைப்போடு போட்டன. அதே ஆண்டு அக்டோபரில் டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்துக்கு வேலை பார்த்த வெளிக் கம்பெனியில் திருட்டு. வயதை நிரூபிக்க ஜனங்கள் கொடுத்த சுமார் 70 ஆயிரம் அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று டிஸ்கார்டே ஒப்புக்கொண்டது.

நம்ம ஊரில் அப்படி ஒரு பட்டியல் கசிந்தால்? எந்த வாத்தியார், எந்த குமாஸ்தா, எந்த வீட்டுப் பெண் எதைப் பார்த்தார் என்று மிரட்டிப் பணம் பறிக்க ஒரு கூட்டமே கிளம்பும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு என்ன ஆவது?

பிரான்சில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 2024 அக்டோபரில் வந்த விதிப்படி, வயதுச் சான்று தருபவருக்கு எந்தத் தளம் என்று தெரியாது. தளத்துக்கு ஆள் யார் என்று தெரியாது. "18 ஆச்சு" என்ற ஒரு சேதி மட்டும் போகும். கேட்டால் இப்படிக் கேட்கணும். இல்லாவிட்டால் திரையோடு நிறுத்திக்கொள்ளணும்.

வடிகட்டியும் தப்பு பண்ணும்

இன்னொரு பக்கமும் உண்டு. 2013-ம் ஆண்டு பிரிட்டனில் வீட்டு இன்டர்நெட்டுக்கு வடிகட்டி போட்டார்கள். அது பாலியல் கல்வி சொல்லித்தரும் தளத்தையும், பலாத்காரத்துக்கு ஆளான பெண்களுக்கு உதவும் மையத்தின் தளத்தையும் சேர்த்து மூடியது தெரியவந்து சந்தி சிரித்தது.

மலையில் இருக்கும் வயசுப் பெண்ணுக்கு மாதவிலக்கு பற்றியோ, பிரசவம் பற்றியோ கேட்க டாக்டர் பக்கத்தில் இல்லை. போனில்தான் தேடுவாள். அதையும் "ஆபாசம்" என்று மூடினால், திரை போட்டவன் குருடன். அதனால் திரை படத்துக்குத்தான், பாடத்துக்கு இல்லை. தவறி மூடியதைப் புகார் செய்து திறக்கத் தமிழில் வழி இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கலக்கக்கூடாது. குழந்தைகளை வைத்து எடுத்த படத்துக்குத் திரையும் கிடையாது, வயதும் கிடையாது. அது பச்சைக் குற்றம். வைத்திருப்பது மட்டும் குற்றம் இல்லை என்று 2024 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு சொன்னதை, செப்டம்பர் 23-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-பி பிரிவில் முதல் தடவைக்கே 5 ஆண்டு வரை ஜெயில், 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். கண்ணில் பட்டால் 1930-க்கு போன் போடுங்கள். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098.

சட்டத்தில் ஓட்டை

2021-ம் ஆண்டு விதிகள் ஓ.டி.டி. படங்களுக்கு வயது முத்திரை கேட்கின்றன. "ஏ" படத்துக்கு வயதுச் சோதனை கேட்கின்றன. 2025 ஜூலையில் 25 செயலிகளை மூடியும் காட்டினார்கள். ஆனால் வெளிநாட்டில் உட்கார்ந்து படம் காட்டுகிறவனிடம், "பேர் தெரியாத ஆளுக்குத் திரை போடு" என்று சொல்லும் தெளிவான வரி எங்கே?

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. 18 வயதுக்கு உட்பட்டவரின் தகவலை எடுக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டுமாம். வந்தவன் குழந்தையா என்றே கேட்காத தளத்துக்கு அந்தச் சட்டம் எப்படி உறைக்கும்?

மதுரை ஐகோர்ட்டு கிளையில் 2018-ல் ஒரு பொதுநல வழக்கு போடப்பட்டது. பிள்ளைகள் ஆபாசம் பார்க்காமல் தடுக்க, பெற்றோர் கட்டுப்படுத்தும் வசதியை இன்டர்நெட் கம்பெனிகளே தர வேண்டும் என்பது கோரிக்கை. 2025 டிசம்பரில்தான் உத்தரவு வந்தது. ஆஸ்திரேலியா மாதிரி 16 வயதுக்கு உட்பட்டவருக்கு ஒரு சட்டம் கொண்டுவருவது பற்றி மத்திய சர்க்கார் யோசிக்கலாம் என்றது கோர்ட்டு. வழக்கு போட்டபோது 11 வயதாக இருந்த பிள்ளைக்கு அதற்குள் 18 ஆகிவிட்டது!

இன்னும் யோசித்துக்கொண்டே இருந்தால் இன்னொரு தலைமுறை வளர்ந்து போய்விடும். சர்க்கார் செய்ய வேண்டியது மூன்றே காரியம். பெயர் தெரியாமல் வருகிறவருக்குத் திரை மூடியே இருக்க வேண்டும் என்று சட்டம். திரையை விலக்குகிற பெரியவரின் பெயரை யாரும் குறித்து வைக்கக்கூடாது என்று சட்டம். சிம் கார்டு விற்கும் கடையிலேயே, வீட்டில் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டு, வடிகட்டியைத் தமிழில் போட்டுக் கொடுக்க ஏற்பாடு.

போளூரில் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவருக்கு அந்த வேலைக்கு ரெண்டு நிமிஷம் ஆகும். டெல்லிக்கு எத்தனை வருஷம் ஆகும்?